வாதி ரம் பாலைவனத்தில் இராத் தங்குதல்: நம் ஊரவர் கேட்ட கேள்விகளும் விடைகளும்

தெற்கு ஜோர்தானின் துறைமுக நகரான அக்கபாவில் வேலை பார்த்த ஆண்டுகளில், விடுமுறை கிடைத்த போதெல்லாம் வாதி ரம் பாலைவனக் காப்பகத்துக்குப் போய்த் தங்கியிருக்கிறேன். ஊர் திரும்பிய பின்னர், இலங்கையின் கிழக்குக் கரையில் கல்லடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய இடங்களில் உள்ள உறவினரும் நண்பரும், இப்போது வளைகுடா நாடுகளிலும் ஜோர்தானின் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவர்களும், அங்கே போவது பற்றி என்னிடம் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னவற்றை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

வாதி ரம் எங்கே இருக்கிறது? அது வெறும் மணற்காடுதானா?

அக்கபாவிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், வாகனத்தில் ஒரு மணி நேரத்தில் அடையக்கூடிய இடத்தில் இருக்கிறது. தலைநகர் அம்மானிலிருந்து வருவோருக்கு நான்கு மணி நேரப் பயணம். ‘வாதி’ என்ற அரபுச் சொல்லுக்குப் பள்ளத்தாக்கு என்று பொருள். சுமார் 74,000 ஹெக்டேயர் பரப்புள்ள இக்காப்பகத்தை யுனெஸ்கோ 2011ஆம் ஆண்டில், இயற்கைச் சிறப்புக்காகவும் பண்பாட்டுச் சிறப்புக்காகவும் சேர்த்தே உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெறச் செய்தது.

மணல் உண்டு, ஆனால் இடத்தின் உருவத்தைத் தீர்மானிப்பது பாறையே. அடியில் கருங்கல்லும் அதன்மேல் பல நூறு மீட்டர் உயரத்துக்குச் செம்மணற்கல்லும் அமைந்திருக்கின்றன. எப்போதாவது பெய்யும் மழை மணற்கல்லுக்குள் ஊறிக் கீழிறங்கி, கருங்கல்லைத் தாண்ட முடியாமல் இரண்டும் சேரும் விளிம்பில் சுனையாக வெளிவருகிறது. ரம் மலையின் அடிவாரத்தில் அத்தகைய சுனைகள் வரிசையாக உள்ளன. அவற்றை நம்பித்தான் அங்கே மனிதர் வாழ்ந்தார்கள். அவற்றுக்குப் போகும் வழிகளிலேதான் பாறைச் செதுக்கல்களும் அதிகம் காணப்படுகின்றன.

பாறைகளில் என்னதான் இருக்கிறது?

ஏறத்தாழ 25,000 செதுக்குருவங்களும் 20,000 எழுத்துப் பொறிப்புகளும் இக்காப்பகத்தில் இருப்பதாக யுனெஸ்கோவின் விவரக்குறிப்பு கூறுகிறது. அங்கே மனிதர் நடமாடிய வரலாறு 12,000 ஆண்டுகளுக்கு நீள்கிறது. உருவங்களில் ஒட்டகம் மிகுதி. வளைந்த நீண்ட கொம்புடைய மலையாடு, வில்லேந்திய வேட்டைக்காரர், கைகளை உயர்த்தி நிற்கும் மனிதர், சோடியாக வெட்டப்பட்ட பாதங்கள், தீக்கோழி எனப் பலவும் உண்டு. அரேபியத் தீக்கோழி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முற்றாக அழிந்துவிட்டது. அது அந்நிலத்தில் ஓடித் திரிந்த காலத்தின் சாட்சி இன்று இத்தகைய கற்களில்தான் மிஞ்சியிருக்கிறது.

இவை வண்ணம் பூசிய ஓவியங்கள் அல்ல என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். பாலைவனப் பாறையின் வெளிப்புறத்தில், களிமண்ணோடு இரும்பு, மங்கனீசு ஒட்சைட்டுகள் சேர்ந்த மெல்லிய கரும்படலம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் படிகிறது. கடினமான கல்லால் அந்தப் படலத்தைக் கொத்தி நீக்கினால் உள்ளிருக்கும் வெளிர்ந்த நிறம் தெரியும், அதுவே கோடாகிறது. காலம் செல்லச் செல்ல, கொத்திய இடத்திலும் படலம் மீண்டும் படியத் தொடங்குவதால், ஒரே பாறையில் உள்ள உருவங்களில் கறுத்திருப்பது பழையது, வெளுத்திருப்பது பிந்தியது என்று ஓரளவுக்கு வேறுபடுத்தி அறியலாம். நல்ல வழிகாட்டி ஒருவர் உடன் வந்தால், ஒட்டகம் ஒன்றின் காலுக்குக் குறுக்கே வேறொரு நூற்றாண்டின் மலையாடு நிற்பதைக் காட்டித் தருவார்.

எழுத்துகளை வாசிக்க முடியுமா? யார் எழுதினார்கள்?

வாசித்திருக்கிறார்கள். பெட்ரா நகரைப் பாறையில் குடைந்த பழைய மக்களான நபாத்தியரின் எழுத்தும், பிற்காலத்துக் கூஃபி முறை அரபு எழுத்தும் இருந்தாலும், மிகுதியாக இருப்பவை ‘தமூதிக்’ என்ற பொதுப் பெயரால் அழைக்கப்பட்டு வந்த பழைய வட அரேபிய எழுத்துகள். அப்பகுதிப் பாலைவனத்துக்கு ஹிஸ்மா என்று பெயர் இருப்பதால், இங்குள்ளவற்றில் பெரும்பகுதியை அறிஞர்கள் இப்போது ‘ஹிஸ்மாயிக்’ என்று தனியாகப் பிரித்து வழங்குகிறார்கள். கிறிஸ்து பிறப்பை ஒட்டிய நூற்றாண்டுகளில், ஆடும் ஒட்டகமும் மேய்த்துத் திரிந்த மக்களே அவற்றை எழுதியவர்கள். அரசரின் ஆணையோ போர் வெற்றியோ அவற்றில் தேடக் கூடாது. உயிரெழுத்துகள் இல்லாமல் மெய்யெழுத்துகளாலேயே எழுதப்பட்ட அந்த வரிகளில் பல, ‘இன்னாரின் மகன் இன்னார்’ என்பதோடு முடிந்துவிடுகின்றன. சில வரிகள் அருகிலுள்ள உருவத்தைச் சுட்டி, ‘இந்த இளம் ஒட்டகம் இன்னாருடையது’ என்கின்றன. சில, தெய்வத்தின் துணையை வேண்டுகின்றன.

இதைக் கேட்டபோது என் மனம் உடனே அம்பாறைக்குப் போயிற்று. நம் பகுதிக் காட்டுப் பாறைகளில், மழைநீர் உள்ளே வழியாதபடி மேல்விளிம்பில் பள்ளம் வெட்டப்பட்ட குகைகள் உண்டல்லவா? அந்தப் பள்ளத்தின் கீழே, கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளின் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பதும் பெரும்பாலும் இத்தகைய சொற்றொடரே: இன்னாரின் மகன் இன்னார் கொடுத்த குகை. துறவிகளுக்குக் குகையைத் தானம் செய்தவரும், ஒட்டகத்தை நிழலில் கட்டிவிட்டுக் காத்திருந்த மேய்ப்பரும், தம் பெயரோடு தந்தையின் பெயரையும் சேர்த்தே கல்லில் விட்டிருக்கிறார்கள். பிழைப்புக்காகக் கடல் கடந்து போன எனக்கு, வாதி ரம்மில் நின்ற கணங்களில் மிகவும் நெருக்கமாகப் பட்டது இதுதான்.

எந்த இடங்களைத் தவறவிடக் கூடாது?

கஸ்அலி என்னும் குறுகிய மலையிடுக்கு முதன்மையானது. அதன் இருபுறச் சுவர்களிலும் மனித உருவங்களும் பாதங்களும் எழுத்துகளும் உள்ளன. அன்ஃபாஷியே என்ற இடத்தில் ஒட்டகக் கூட்டங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அலமெலே பாறைமுகம் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். ரம் கிராமத்துக்கு அருகே நபாத்தியரின் கோயில் ஒன்றின் இடிபாடும் இருக்கிறது.

நண்பகலில் போக வேண்டாம். வெயில் நேர்மேலிருந்து விழும்போது கொத்திய கோடுகள் மங்கிப் போகின்றன. காலையிலும் மாலையிலும் சாய்ந்த ஒளி படும்போது, முன்பு வெறும் பாறையாக இருந்த இடத்தில் உருவம் எழுந்து நிற்கும். இரவில் அங்கேயே தங்குவதன் பெரிய பயன் இதுவே; பகலில் வந்து பகலிலேயே திரும்புவோர் இந்த இரண்டு பொழுதுகளையும் இழந்துவிடுகிறார்கள்.

தொட்டுப் பார்த்தால் என்ன கெட்டுவிடும்?

பலரும் கேட்கும் கேள்வி இது. மணற்கல் என்பது மணல்மணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும் கல். கையால் தேய்க்கும்போது மணிகள் உதிர்கின்றன. விரலின் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் மேற்படலத்தில் ஏறுகின்றன. ஒருவர் தொடுவதால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆயிரம் பேர் அதே ஒட்டகத்தின் முதுகைத் தடவினால் முதுகு மழுங்கிப் போகும். படம் தெளிவாக வர வேண்டுமென்று தண்ணீர் தெளிப்பதும், சுண்ணக்கட்டியால் கோட்டின்மேல் வரைவதும், தாள் வைத்துப் பென்சிலால் ஒற்றி எடுப்பதும் இதைவிடக் கேடு செய்பவை. படம் எடுக்க விரும்புவோர், டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாகப் பிடித்தாலே போதும்.

எல்லாவற்றிலும் கொடியது, பழைய பெயர்களுக்குப் பக்கத்தில் புதிய பெயரைக் கீறுவது. ‘அவர்களும் பெயர்தானே எழுதினார்கள்’ என்று என்னோடு வந்த இளைஞர் ஒருவர் வாதிட்டார். அந்த மேய்ப்பர்களுக்குத் தாளும் இல்லை, படக்கருவியும் இல்லை. அவர்கள் எழுதிய கல்லில் மனித வரலாற்றின் ஒரு பகுதி தங்கிவிட்டது. நமக்கு வேறு ஆயிரம் வழிகள் இருக்கின்றன. இன்று கீறப்படும் வெள்ளைக்கோடு கறுப்பதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும் என்பதால், அதுவரை வருவோர் அனைவரின் கண்ணிலும் முதலில் படுவது அந்தக் கீறலாகவே இருக்கும். உங்கள் பிள்ளைகளிடம் இதைப் போவதற்கு முன்னரே, வீட்டில் வைத்தே சொல்லிக் கூட்டிச் செல்லுங்கள்.

எப்படிப் போவது? கட்டணம் எவ்வளவு?

அம்மானிலிருந்து அக்கபாவுக்குப் பேருந்து உண்டு. அக்கபாவிலிருந்து வாடகைக் கார் பிடிக்கலாம். பெட்ரா நகரைப் பார்த்துவிட்டு வருவோர், அங்கிருந்து காலையில் புறப்படும் சிற்றுந்தில் வரலாம். முதல் நாளே தங்குமிடத்தில் சொல்லி இடம்பிடித்து வைப்பது நல்லது. காப்பகத்தின் வாசலில் உள்ள வருகையாளர் நிலையத்தில் வெளிநாட்டவருக்கு 5 தினார் நுழைவுக்கட்டணம் வாங்கி வந்தார்கள். ஜோர்தான் பாஸ் என்னும் கூட்டுச்சீட்டு வைத்திருப்போருக்கு அதிலேயே இது அடங்கும். கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் புறப்படுமுன் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். வண்டி, வழிகாட்டி, இரவுத் தங்கல், உணவு ஆகியவற்றுக்கான செலவு இதற்குப் புறம்பானது. அதை முழுத்தொகையாக முன்பே பேசித் தீர்த்துக்கொள்வதே இரு தரப்புக்கும் மரியாதை.

சொந்தக் கூடாரத்தைக் கொண்டுபோய் விரும்பிய இடத்தில் அடிக்கலாமா?

தனியாக அப்படிச் செய்ய முயல வேண்டாம். ரம் கிராமத்துக்கு அப்பால் மணற்பரப்புக்குள் போக, பாலைவன நாடோடி மரபினரான உள்ளூர்ப் பெதூயின் மக்களின் வண்டியும் வழிகாட்டலுமே முறையான வழி. அவர்களுள் சலாபியா குலத்தினர் ரம் கிராமத்திலும் சுவைதே குலத்தினர் தீஸி என்னும் கிராமத்தின் பக்கத்திலும் வாழ்கிறார்கள். அவர்களது முகாம்களில் ஆட்டுரோமத்தால் நெய்த கறுப்புக் கூடாரங்களில் படுக்கை, போர்வை, உணவு எல்லாம் கிடைக்கும். கூடாரமே வேண்டாம், பாறையின் ஒதுக்குப்புறத்தில் வானத்தைப் பார்த்துப் படுக்க வேண்டும் என்று கேட்டாலும் ஏற்பாடு செய்து தருவார்கள். என் விருப்பம் இதுதான். ஆனால் பாறை ஒதுக்கில் படுப்பவர், மேலே செதுக்கல் ஏதும் உண்டா என்று முதலில் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். செதுக்கலுக்கு அடியில் நெருப்பு மூட்டினால் புகைக்கரி படிவதோடு, சூட்டில் கல்லின் மேற்பட்டையும் பிளந்து விழும்.

விறகுக்காக அங்குள்ள செடிகளை முறிப்பதும் தவறு. ‘ரதம்’ என்னும் வெண்பூப் புதர் காய்ந்த குச்சிபோல் தோன்றினாலும் அது உயிருள்ள செடி. அதன் வேரைப் பிடித்துக்கொண்டே மணல் நிற்கிறது.

எந்த மாதம் நல்லது? பாலைவனத்தில் குளிருமா?

மார்ச் முதல் மே வரையும், செப்டெம்பர் முதல் நவம்பர் வரையும் நல்லவை. வசந்தத்தில் சில நாட்கள் ‘கம்சீன்’ என்னும் தூசிக்காற்று அடிக்கும். நம் ஊரில் கச்சான் காற்று வீசும்போது முகம் காய்வதை அறிந்தவர்கள், அதோடு மணலையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

குளிர் பற்றிய கேள்விக்கு என் அனுபவமே விடை. முதன்முறை நான் டிசம்பரில், பாலைவனம்தானே என்று ஒரு சாரமும் மெல்லிய போர்வையும் மட்டும் எடுத்துப் போய், விடியும்வரை கண்மூடாமல் நெருப்பருகே குந்தியிருந்தேன். அந்தப் பள்ளத்தாக்கே கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. வானில் மேகமும் காற்றில் ஈரமும் இல்லாததால் பகலில் ஏறிய வெப்பம் இரவில் விரைவாக வெளியேறிவிடுகிறது. குளிர்கால இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழும் இறங்கும். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அத்தகைய குளிர் பழக்கமில்லை. தடித்த காலுறை, கம்பளித் தொப்பி, மேலங்கி ஆகியவற்றை வசந்தத்திலும் எடுத்துச் செல்லுங்கள். கோடையில் பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டும் என்பதால், குழந்தைகளோடும் முதியவரோடும் போவதற்கு அக்காலம் ஏற்றதன்று.

தண்ணீர் எவ்வளவு வேண்டும்?

குடிக்க மட்டும் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3 லீற்றர். கோடையில் அதற்கும் மேல். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடல் நீரை இழப்பதே தெரியாது. ஆகவே தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடிக்க வேண்டும். உகந்தையிலிருந்து குமண, யால காட்டுவழியே கதிர்காமத்துக்கு நடந்தவர்களுக்கு, தண்ணீரைத் தோளில் சுமந்து அளந்து குடிக்கும் பழக்கம் உண்டு. அதே ஒழுங்கு இங்கேயும் வேண்டும்.

அந்த நிலத்தின் அடியில், மிகப் பழைய மழைக்காலங்களில் ஊறித் தேங்கிய பெரும் நீர்த்தேக்கம் இருக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். தீஸி நீர் எனப்படும் அது, 2013 முதல் ஏறத்தாழ 325 கிலோமீட்டர் குழாய் வழியாக, ஆண்டுக்கு 100 மில்லியன் கனமீட்டர் அளவில் அம்மானுக்கு இறைக்கப்படுகிறது. இப்போது பெய்யும் மழையால் அது ஈடாவதில்லை. முகாமில் கைகழுவத் தரும் ஒரு குவளை நீரையும் இந்த எண்ணத்தோடு பயன்படுத்துங்கள். சுனைகளில் சவர்க்காரம் போடக் கூடாது. ஆடும் ஒட்டகமும் மலையாடும் குடிப்பது அதே நீரைத்தான்.

மழையே பெய்யாத இடத்தில் வெள்ளத்துக்குப் பயப்பட வேண்டுமா?

கட்டாயம் பயப்பட வேண்டும். ஆண்டு முழுவதும் சேர்த்து 100 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மழை பெய்யும். மட்டக்களப்பில் அதை மாரியின் ஒரே நாளில் கண்டிருக்கிறோம். ஆனால் அங்கே நீரை உறிஞ்ச மண்ணும் மரமும் இல்லை. தொலைவில் பெய்த மழை வெறும் பாறையில் வழிந்து, குறுகிய மலையிடுக்குகளில் சுவர்போல் வந்து சேரும். நவம்பர் முதல் மார்ச் வரை வானம் கறுத்தால் கஸ்அலி போன்ற இடுக்குகளுக்குள் போகாதீர்கள். காய்ந்த ஓடைப்படுகையில் படுக்கை விரிக்காதீர்கள். ‘போக வேண்டாம்’ என்று வழிகாட்டி சொன்னால் மறுபேச்சின்றிக் கேளுங்கள். நனைந்த மணற்கல் வலுவிழந்து உடையும் என்பதால், மழைக்குப் பின் பாறையேறுவதும் ஆகாது.

உணவு எப்படி? சைவர்களுக்குக் கிடைக்குமா?

‘சர்ப்’ என்பது அவர்களின் விருந்துச் சமையல். மணலில் தோண்டிய குழியில் தணலிட்டு, அடுக்குத் தட்டில் ஆட்டிறைச்சி, கோழி, உருளைக்கிழங்கு, கரட் ஆகியவற்றை இறக்கி, மூடி மண்போட்டு மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். உணவு ஹலால் என்பதில் முஸ்லிம் வாசகர்களுக்கு ஐயம் வேண்டியதில்லை. சைவர்கள் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். இறைச்சியும் மரக்கறியும் ஒரே குழியில் வேகும் என்பதால், கடுமையாக விரதம் காப்போர் பருப்புச் சூப்பு, ரொட்டி, கொண்டைக்கடலை அரைத்த ஹும்முஸ், சோறு ஆகியவற்றைத் தனியே கேட்பது நல்லது.

ஏலக்காய் போட்ட கோப்பியைச் சிறு கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். கிண்ணத்தைச் சற்று அசைத்துத் திருப்பிக் கொடுத்தால்தான் போதும் என்று பொருள். சும்மா நீட்டினால் மீண்டும் ஊற்றுவார்கள். இரவில் மரமிய்யா என்னும் வாசனை இலை போட்ட இனிப்புத் தேநீர். நம் வீடுகளில் வந்தவரைத் தேத்தண்ணீர் கொடுக்காமல் அனுப்பமாட்டோமே, அதே வழக்கம்தான்.

தொழுகைக்கும் பெண்களுக்கும் வசதி உண்டா?

உண்டு. தொழும் திசையான கிப்லா அங்கிருந்து தெற்கே, சற்றுக் கிழக்குச் சாய்வாக அமையும். முகாம்களில் கழிப்பறைகள் இருக்கின்றன. குடும்பத்தோடு போவோர் தனிக்கூடாரம் கேட்டு வாங்கலாம். ஆணும் பெண்ணும் தோளும் முழங்காலும் மறைய உடுத்துவது, அங்குள்ளோரின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகும் நமக்கு அழகு.

பாம்பு, தேள்?

இரண்டும் உண்டு; கொம்புவிரியனும் கொடிய நஞ்சுள்ள மஞ்சள் தேளும் அங்கே வாழ்கின்றன. சப்பாத்தைக் காலையில் உதறிப் போடுங்கள், படுக்கையை விரிக்குமுன் தட்டுங்கள், கல்லைப் புரட்டாதீர்கள், இருட்டில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். ஏதேனும் தீண்டினால் வழிகாட்டியிடம் உடனே சொல்ல வேண்டும். ஜோர்தானின் அவசர அழைப்பு எண் 911. பெரிய மருத்துவமனைகள் அக்கபாவில் உள்ளன. மலையிடுக்குகளுக்குள் கைத்தொலைபேசிச் சைகை விட்டுப்போகும் என்பதால், எங்கே தங்கப் போகிறீர்கள் என்பதை முன்னரே ஒருவரிடம் சொல்லி வையுங்கள். வீட்டுக்கு அழைப்போர், இலங்கை நேரம் இரண்டரை மணி நேரம் முந்தியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அங்கே இரவு பத்து மணி என்றால் இங்கே பின்னிரவு பன்னிரண்டரை.

இரவு வானம் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே?

பேசுவதில் மிகையில்லை. நிலவில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். மட்டக்களப்பில் துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து ஏறத்தாழ எட்டுப் பாகை உயரத்தில்தான் நிற்கும்; தென்னைகளும் களப்பு மேல் எழும் ஆவியும் மறைப்பதால் அதைக் கண்டவர் நம்மில் குறைவு. வாதி ரம்மில் அது ஏறத்தாழ முப்பது பாகை உயரத்தில், மலைகளுக்கு மேலே தெளிவாகத் தெரியும். மறுபுறம், நம் கடற்கரையிலிருந்து முழுமையாகத் தெரியும் தென்சிலுவைக் கூட்டத்தின் அடி நட்சத்திரம் அங்கே அடிவானுக்கு மேல் எழுவதே இல்லை. ஊரிலிருந்து எவ்வளவு தூரம் வடக்கே வந்துவிட்டோம் என்பதை எனக்கு உணர்த்தியது இந்த வேறுபாடுதான்.

இவ்வளவு தூரம் போக வேண்டுமா? நம் மாவட்டங்களில் பாறை ஓவியம் இல்லையா?

இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை. கிழக்கின் உட்காட்டுக் குகைகளில் இலங்கையின் பழங்குடியினரான வேடர்களின் வரைவுகள் உள்ளன. 1911இல் வெளியான, மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியரின் ஆய்வு, ஆண்கள் வேட்டைக்குப் போயிருந்த நேரத்தில் வேடர் பெண்கள் சாம்பலை எச்சிலில் குழைத்து, குகைச் சுவரில் விரலால் மனிதரையும் விலங்குகளையும் வரைந்ததைப் பதிவு செய்திருக்கிறது. அவர்கள் வாழ்ந்த நிலத்தில் ஒரு பகுதி, பின்னர் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில் சேனநாயக்க சமுத்திரம் என்னும் நீர்த்தேக்கத்தின் அடியில் போய்விட்டது. பாணமைக்கும் உகந்தைக்கும் இடையே குடும்பிகல என்னும் துறவிமடத்துக் காட்டில் (மட்டக்களப்பின் குடும்பிமலை வேறு) பழைய குகைகளைக் காணலாம்.

ஜோர்தானின் செதுக்கல் கல்லை வெட்டியது. நம்முடையது கல்லின்மேல் தீட்டிய சாம்பல். அங்கே வறண்ட காற்று செதுக்கலைக் காக்கிறது. இங்கே மாரியும் பாசியும் குளவிக்கூடும் ஒவ்வோராண்டும் இதைத் தின்கின்றன. ஈரக்கை ஒன்று பட்டாலே ஒரு வேடப்பெண்ணின் விரற்கோடு அழிந்துவிடும். ஆகவே வாதி ரம்முக்குச் சொன்ன விதிகள் எல்லாம் அம்பாறைக் குகைகளுக்கு இரு மடங்கு பொருந்தும். வனவிலங்கு, தொல்பொருள் திணைக்களங்களின் அனுமதி வேண்டிய இடங்களில் அனுமதியோடுதான் போக வேண்டும்.

அங்கிருந்து நினைவாக எதையேனும் கொண்டுவரலாமா?

கல், ஓட்டுத்துண்டு, எழுத்துள்ள பாறைச் சில்லு எதையும் எடுக்கக் கூடாது. கிராமத்துப் பிள்ளைகள் ‘பழையது’ என்று விற்க வந்தாலும் வாங்காதீர்கள். நிறமணலைச் சிறு போத்தலுக்குள் அடுக்கி ஒட்டக வடிவம் காட்டும் கைவினைப் பொருள் அக்கபாக் கடைகளில் கிடைக்கும். பெயரைச் சொன்னால், வாங்குபவரின் கண்முன்னேயே மணலால் அந்தப் பெயரைப் போத்தலுக்குள் எழுதித் தருவார்கள். நான் என் தந்தையின் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.